'ஆபத்து தெரிந்துதானே வந்தாய்?': முதலாளியின் பொறுப்பைப் புரிந்துகொள்ள ஒரு நிலக்கரிச் சுரங்கக் கதை

போன மாதம் ஒரு பின்னேரம். களுவாஞ்சிக்குடியில் சிநேகிதனின் கொமினிகேஷன் கடையில் இருந்தேன். ஆங்கிலத் தாள்களோடு வருகிறவர்களுக்கு வாசித்துச் சொல்வது என் வழக்கம். படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி தாயோடு வந்திருந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் வெளிநாட்டுக் கற்குவாரி ஒன்றில் வேலைக்கான ஒப்பந்தம், ஆறு பக்கம். நாலாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்த வேலையில் உள்ள ஆபத்துகளை நான் அறிவேன், விபத்து நடந்தால் பொறுப்பு என்னுடையதே.

"அண்ணன், இது எல்லாருக்கும் போடுறதுதானே?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவசரத்தில் சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நீளமான பதில் தேவை. அந்த ஒரு வரிக்கு ஏறக்குறைய இருநூறு வயது. அதை எதிர்த்து நடந்த வழக்குகளும், அதை நம்பிச் செத்துப்போன ஆட்களும் நிறைய. முக்கால்வாசிக் கதை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடந்தது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிகிற கரி கப்பலில் வருகிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்துக்கடியில் தோண்டுவது பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தை. அதனால் நிலக்கரிச் சுரங்கம் என்றதும் நமக்குக் கண்ணில் எதுவும் வராது. சரி, நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்ப்போம். கிணறு.

கோடை வந்தால் கிணற்றைத் தூர்வாரி ஆழமாக்குவார்கள். ஊறுகிற தண்ணீரை இறைக்க எண்ணெயில் ஓடும் பம்பை மேலே வைத்தால் இழுக்காது என்று அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிடுவார்கள். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கீழே இறங்கியவர் தலை சுற்றி விழுவார். மேலே நிற்கிற அண்ணனோ மச்சானோ "என்னடா" என்று கத்திக்கொண்டு இறங்குவார், அவரும் விழுவார். இலங்கையில் இப்படி ஒரே கிணற்றில் இரண்டு பேர், மூன்று பேர் செத்த செய்தியைப் பல தடவை வாசித்திருக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. கீழே ஒட்சிசன் குறைந்திருந்தால் விளக்கு அணையும். ஆனால் காபன் மொனொக்சைட்டு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இதைத் தயவுசெய்து வீட்டில் சொல்லிவையுங்கள்.

நிலக்கரிச் சுரங்கம் என்பது படுக்கையாக மைல் கணக்கில் நீளும் கிணறு. கரிக்குள்ளேயே மெதேன் வாயு அடைபட்டிருக்கிறது. வெட்ட வெட்ட அது வெளியே கசியும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அந்த வெடிப்பு தரையில் படிந்திருக்கும் கரித்தூளைக் கிளப்பும். அந்தத் தூளும் பற்றி, சுரங்கம் நெடுகிலும் வெடித்துக்கொண்டு போகும். வெடிப்பில் தப்பியவரை அதன்பின் பரவும் காபன் மொனொக்சைட்டு பிடிக்கும். பிரித்தானியச் சுரங்கங்களில் இந்த வாயுவை முன்கூட்டி அறிவதற்காக 1986 வரை கூண்டில் கனேரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். குருவி சாய்ந்தால் ஆட்கள் வெளியேற வேண்டும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. இந்தக் காற்றை நல்லதாக்க யாரால் முடியும்? பெரிய விசிறி பூட்டிக் காற்றை உள்ளே தள்ளலாம். கரித்தூளின்மேல் சுண்ணாம்புக்கல் தூள் தூவி அடக்கலாம். வாயுவை அளக்கலாம். இரண்டாவது வெளிவழி தோண்டி வைக்கலாம். இதில் எதைச் செய்வதற்கும் மண்வெட்டியோடு இறங்குகிற தொழிலாளியின் கையில் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் தன்னுடைய கை காலைத்தான் கவனிக்கலாம், சுரங்கத்தின் மூச்சைக் கவனிக்க அவரால் முடியாது. அது முதலாளியின் கையில் இருக்கிறது. வேலை நடக்கும் இடமும் முறையும் யார் கையில் இருக்கின்றனவோ, அங்கே நேரும் கேட்டுக்கும் அவரே பொறுப்பு. சட்டத் தமிழில் முதலாளியைத் தொழில்தருநர் என்கிறோம். தொழில்தருநரின் பாதுகாப்புக் கடமை என்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து நழுவப் பார்த்தவர்களின் கதை.

அந்த நழுவலுக்குப் பழைய ஆங்கிலச் சட்டத்தில் மூன்று வழிகள் இருந்தன. 1837இல் இங்கிலாந்தில் ஒரு இறைச்சிக்கடைப் பையன் முதலாளிமீது வழக்குப் போட்டான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து அவனுடைய தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆபத்து என்று பட்டால் பையன் அந்த வேலையை மறுத்திருக்கலாமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது முதல் வழி: தெரிந்துதானே வந்தாய்? கூட வேலைசெய்கிறவனின் பிழையால் காயம் வந்தால் முதலாளி பொறுப்பில்லை என்பது இரண்டாவது. உன் பங்கிலும் கொஞ்சம் கவனக்குறைவு உண்டு, எனவே ஒரு சதமும் இல்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தால் தப்பாத முதலாளி யார்?

இரண்டாவது வழிதான் நம்மூர் ஆட்களுக்கு நன்றாகப் புரியும். மட்டக்களப்பு வயல்களில் நிலத்துக்குச் சொந்தக்காரரான போடியார் இருப்பார், அவருக்குக் கீழே முல்லைக்காரன் இருப்பான். போடியார் எழுவான்கரையில் வீட்டில் இருக்க, வட்டையில், அதாவது வயல்வெளியில், ஆட்களை வைத்து வேலை வாங்குவது முல்லைக்காரன்தான். அவன் பழுதான மிஷினில் ஒருவனை ஏற்றிவிட்டு அந்த ஆளின் கை போனால், "அது முல்லைக்காரன்ட பிழை, நான் அந்த இடத்திலேயே இல்லையே" என்று போடியார் சொல்லலாமா? முல்லைக்காரனும் கூலிக்காரன், காயப்பட்டவனும் கூலிக்காரன், இருவரும் கூட்டு வேலையாட்கள், எனக்கென்ன என்று கையை விரிக்கலாமா? அந்தக் காலத்து நீதிபதிகள் பலர் விரிக்கலாம் என்றார்கள். அப்புறம் கதை திரும்பியது ஸ்கொட்லாந்தில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில்.

1933 மார்ச் 27ஆம் திகதி. ஃபைஃப் பகுதியில் கிளென்கிரேய்க் என்ற சுரங்கம். பகல் வேலை முடிந்து தொழிலாளி ஒருவர் வெளியேறும் இடத்துக்கு நடந்து வருகிறார். அவர் நடக்கிற அதே பாதையில்தான் கரிப் பெட்டிகளைக் கயிற்றால் இழுக்கும் இயந்திரமும் ஓடும். ஆட்கள் வெளியேறுகிற நேரத்தில் அதை ஓட்டாமல் வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கவில்லை. சுவரில் ஒதுங்கி நிற்கும் குழிக்குள் அவர் போய்ச் சேருமுன் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே நசிந்தார். கம்பனி என்ன சொன்னது தெரியுமா? சட்டப்படி தகுதியுள்ள முகாமையாளர் ஒருவரை நியமித்து எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டோம், பிழை அவருடையது, எங்களுடையது இல்லை. அது மட்டுமா, அந்த ஆள் வேறு பாதையால் போயிருக்கலாம் என்றும் சொன்னது.

வழக்கு, அப்போது பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. வில்சன்ஸ் அண்ட் கிளைட் கோல் கம்பனி எதிர் இங்கிலிஷ் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற அந்த வழக்கில் 1937இல் தீர்ப்பு வந்தது. தகுதியான ஆட்கள், சரியான உபகரணம், பாதுகாப்பான வேலைமுறையும் அதற்கேற்ற மேற்பார்வையும், இவை முதலாளியின் சொந்தக் கடமை என்றது தீர்ப்பு. வேலையை இன்னொருவரிடம் கொடுக்கலாம், கடமையைக் கொடுக்க முடியாது. முல்லைக்காரன் என்ன செய்தாலும் போடியார் பதில் சொல்ல வேண்டும். கூட்டு வேலையாள் என்ற அந்தப் பழைய விதியையே பிரித்தானியா 1948இல் சட்டம்போட்டு ஒழித்தது.

'பாதுகாப்பான வேலைமுறை' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹெல்மெட் கொடுத்தாயிற்று, பூட்ஸ் கொடுத்தாயிற்று, இனி உன் பாடு என்பது வேலைமுறை ஆகாது. கிளென்கிரேய்க்கில் ஹெல்மெட்டால் எதுவும் நடந்திருக்காது. ஆட்கள் நடக்கும் நேரத்தில் இயந்திரம் ஓடக்கூடாது என்று ஒரு ஒழுங்கும், அதைக் காப்பதற்கு ஒரு ஆளும் தேவைப்பட்டன. நம் ஊரில் பாதுகாப்பு என்றதுமே தலைக்கவசத்தின் படம்தான் மனதில் வருகிறது. வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதற்கு முன்பே இன்னொரு பாதையும் திறந்திருந்தது. யார் பிழை என்று வழக்காடாமல், வேலையில் காயம்பட்டால் நட்டஈடு என்ற ஏற்பாடு. ஜேர்மனியில் 1884இலும் பிரித்தானியாவில் 1897இலும் வந்தது. அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் 1909 நவம்பரில் செரி என்ற ஊர்ச் சுரங்கத்தில் தீப்பிடித்து 259 பேர் இறந்தார்கள். மின்விளக்கு பழுதாகி மண்ணெண்ணெய்த் தீவட்டி வைத்திருந்தார்கள், கோவேறு கழுதைகளுக்குக் கொண்டுபோன வைக்கோலில் அதன் நெருப்புப் பட்டது. செத்தவர்களில் கூடுதலானோர் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். இரண்டு வருடத்தில் அந்த மாநிலம் நட்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதே வழியில் பிறந்தது. கல்முனை நெல் ஆலையில் கைவிரல் போனால் ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ்தான் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாத் தொழிலாளிக்கும் பொது. ஆனால் நாட்டைவிட்டுப் போய் வேலை செய்கிறவருக்கு இதே கடமை இன்னும் பாரமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று பெல்ஜியத்து ஊரான மார்சினெல் சொல்லும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பெல்ஜியத்துச் சுரங்கங்களில் இறங்க உள்ளூர் ஆட்கள் விரும்பவில்லை. இத்தாலியில் வேலையில்லை, கரியும் இல்லை. 1946இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன: இத்தாலி 50,000 ஆட்களை அனுப்பும், பெல்ஜியம் இத்தாலிக்குக் கரி விற்கும். ஆளுக்குக் கரி. போனவர்கள் பெரும்பாலும் வயல்வேலை செய்த கிராமத்து இளைஞர்கள். சுரங்கத்தைக் கண்ணால் கண்டதில்லை, அங்கத்தைய பாஷை தெரியாது. தங்குவதற்குக் கொடுத்தது பல இடங்களில் போர்க்கைதிகள் இருந்த தகரக் கொட்டில்கள். ஒப்பந்தக் காலம் முடியாமல் சுரங்கத்தைவிட்டு வேறு வேலைக்குப் போக வழியில்லை.

1956 ஆகஸ்ட் 8, காலை எட்டுமணி கடந்த நேரம். மார்சினெல் ஊரில் புவா டு கசியே சுரங்கத்தில் 975 மீற்றர் ஆழத்தில் ஒரு கரிப்பெட்டியைத் தூக்கிக்கூண்டுக்குள் தள்ளினார்கள். பெட்டி முழுதாக உள்ளே போகவில்லை, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையில் சைகை பிழைத்தது. கூண்டு கிளம்பிவிட்டது. நீட்டிக்கொண்டிருந்த பெட்டி உத்தரத்தில் மோத, அது எண்ணெய்க் குழாயையும் உயர்மின் கம்பிகளையும் அழுத்தக் காற்றுக் குழாயையும் ஒன்றாக அறுத்தது. எண்ணெய், மின்பொறி, காற்று. நல்ல காற்று இறங்க வேண்டிய வழியாலேயே புகை இறங்கியது. 262 பேர் செத்தார்கள், பன்னிரண்டு நாட்டவர்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். வெளியே இரும்புக் கேற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் இரண்டு கிழமை நின்றார்கள். ஆகஸ்ட் 23ஆம் திகதி கீழேயிருந்து வந்த மீட்பாளர் ஒருவர் இத்தாலிய மொழியில் இரண்டே சொல் சொன்னார்: எல்லாம் பிணம்.

அந்தக் காலையை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதுண்டு. பெட்டியைத் தள்ளியவர் பிழைவிட்டாரா, மணியடித்தவர் பிழைவிட்டாரா என்று விசாரணை கிண்டியது. அது தேவையான கேள்விதான். ஆனால் ஒரு பெட்டி அரைகுறையாக நின்றால் இருநூற்றுக்கு மேற்பட்டோர் சாகிற மாதிரி எண்ணெய்க் குழாயையும் மின்கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டவர் யார்? பல பாஷைக்காரர்கள் ஒன்றாக வேலைசெய்யும் இடத்தில் சைகையைச் சரியாகப் பழக்காமல் விட்டவர் யார்? முதல் தீர்ப்பில் எல்லோரும் விடுதலை. மேன்முறையீட்டில் ஒரே ஒரு அதிகாரிக்கு ஆறு மாத ஒத்திவைத்த சிறை. அத்தோடு முடிந்தது.

குடிபெயர்ந்து வந்தவரிடம் 'தெரிந்துதானே வந்தாய்' என்று சொல்வதில் உள்ள அநியாயம் இங்கேதான் தெரியும். எச்சரிக்கைப் பலகையை வாசிக்க முடியாதவருக்கு ஆபத்து எப்படித் தெரியும்? கடன் வாங்கி வந்தவர் வேலையை எப்படி மறுப்பார்? நம் மலையகத்தின் கதையும் இதுதான். கங்காணி தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவருவார், வழிச்செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறும், அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கையில் இல்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. துருக்கியில் சோமா சுரங்கத்தில் 2014 மே 13ஆம் திகதி 301 பேர் இறந்தபோது அங்கேயும் கங்காணியைப் போன்ற ஒரு ஆள் இருந்தது தெரியவந்தது. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, அவர்களிடம் உற்பத்தியை முடுக்கிவிடுகிறவர். அவரை அங்கே 'தாயிபாஷி' என்பார்கள். தாயி என்றால் தாய்மாமன். சுரங்கம் அரசுடையது, நடத்தியது தனியார் கம்பனி, ஆட்களைப் பிடித்தது மாமன். விபத்து நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? நம் ஊர் சப் ஏஜென்ட்டையும் பிள்ளைகள் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவின் மொனொங்காவில் 1907 டிசம்பர் 6ஆம் திகதி நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 362 பேர் இறந்ததாகக் கணக்கு. ஆனால் கூலியைக் கூட்டிக்கொள்வதற்காகப் பதிவில்லாத மகனையோ ஊர்க்காரனையோ உதவிக்குக் கூட்டிப்போகும் வழக்கம் இருந்தது. எனவே உண்மைத் தொகை அதைவிடக் கூட என்பார்கள். கணக்கில் இல்லாத ஆளுக்கு நட்டஈடும் இல்லை. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்கிற நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மொனொங்காதான் ஞாபகம் வருகிறது.

மெதுவாகக் கொல்கிற ஆபத்தும் உண்டு. கரித்தூளும் கல்தூளும் நுரையீரலில் படிந்து பத்து, இருபது வருடம் கழித்து மூச்சை அடைக்கும். அதற்குள் ஆள் ஊருக்குத் திரும்பிவிடுவார். இருமலோடு படுத்திருப்பவர் இத்தாலியின் கலாப்ரியாவில், கம்பனி பெல்ஜியத்தில். சுரங்கத் தொழிலாளரின் இந்த நோயைத் தொழில்நோய் என்று பெல்ஜியம் ஏற்றது 1964இல். கற்குவாரிக்குப் போகிற தம்பிக்கும் இதுதான் பெரிய பயம். பாறை விழுவதைக் கண்ணால் காணலாம், தூளைக் காண முடியாது. போகும்போது மருத்துவப் பரிசோதனை செய்கிறார்கள். அது நல்ல ஆளா என்று கம்பனி பார்ப்பதற்கு. திரும்பி வரும்போது யாரும் மார்புப் படம் எடுப்பதில்லை. போகுமுன் எடுத்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வீட்டில் வையுங்கள், வந்தபின் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

உலக அளவில் இன்று இந்தக் கடமை எழுத்தில் இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 1995ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, உயிராபத்து என்று நியாயமாகப் பட்டால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறது. 2022இல் பாதுகாப்பான வேலையிடம் என்பதையே அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் ஒரு நாட்டில் அது எவ்வளவு பலிக்கும் என்பது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அதனால் புறப்படுமுன் இங்கேயே பார்க்க வேண்டியவை சில. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் கம்பனியும் சம்பளம் தரும் கம்பனியும் ஒன்றுதானா? பாதுகாப்புப் பயிற்சி எந்தப் பாஷையில்? காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, எங்கே எழுதியிருக்கிறது? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகவே கூடாது. பதிந்தால் காப்புறுதி உண்டு, ஒன்று நடந்தால் வீட்டார் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அந்தத் தம்பி மறுநாளும் வந்தார். நாலாம் பக்கத்து வரியைப் படமெடுத்து, இதை நீக்கித் தரச்சொல்லி ஏஜென்ட்டுக்கு அனுப்பினோம். பயிற்சி எந்தப் பாஷையில் என்று கேட்டும் ஒரு வரி சேர்த்தோம். தாய் கடைவாசலில் குடையோடு நின்றபடி, "மனே, அங்க தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பாரா எண்டும் கேள்" என்றார். அதையும் எழுதினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: பயிற்சி ஹிந்தியில், வரியை நீக்குவது பற்றிக் கம்பனியிடம் கேட்டுச் சொல்கிறோம். தம்பி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.